கெட்டிமேளத்தோடு வரும் பேய்

பம்மலைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குக் கீழே இருந்த கல்யாண மண்டபத்தில் எட்டு மாதம் இலை எடுத்தேன், அண்டா தேய்த்தேன், மாடிப்படியில் படுத்தேன். அன்று விடியும் முன்பே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. சமையல் மாஸ்டர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்கடா?" என்றார். "தெரியல மாஸ்டர்" என்றேன். என்னைப் போல எத்தனையோ பேரை அவர் பார்த்திருப்பார். இலையில் நாலு இட்லி கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எட்டு மாதம் ஓரிடத்தில் இருந்தது எனக்கு அதிகம்.

பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு துண்டு. அவற்றுக்கு நடுவில் ஒரு வீடியோ கேசட். இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, உள்ளே ஒரு சிறு துணி முடிச்சில் பச்சரிசி போட்டு வைத்திருந்தேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை அரிசியை மாற்றுவேன். மண்டபத்தில் அரிசிக்குக் குறைவில்லை.

அந்தக் கேசட்டை இருபது வருடங்களுக்கு மேல் சுமந்தேன். அது என்னுடையது அல்ல.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பல வேலைகளுக்குப் பிறகு தாம்பரத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் லைட் பிடிக்கச் சேர்ந்தேன். ஒரு முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணம், ஒரு வரவேற்பு என்று ஓடுவோம். கண் எரியும், கை மரத்துப் போகும். ஆனால் ஆடி மாதம் வந்தால் கல்யாணம் கிடையாது. கேமரா பெட்டிக்குள் தூங்கும். முதலாளி சொந்த ஊருக்குப் போய்விடுவார். அப்படி ஒரு ஆடியில்தான் கேமராமேனும் நானும் பேய்ப்படம் எடுத்தோம். பயமுறுத்த அல்ல. அந்தக் காலத்துப் பேய்ப்படங்களையெல்லாம் பார்த்துச் சலித்துப் போய், அவற்றைக் கிண்டல் செய்து ஒரு நாற்பது நிமிடப் படம்.

பேய் நான்தான். வெள்ளைப் புடவை, இடுப்பு வரை சவுரிமுடி, காலில் சலங்கை. கதை இதுதான்: செத்துப்போன ஒரு பெண் பழிவாங்கப் புறநகருக்கு வருகிறாள். ஆனால் யாருக்கும் அவளைப் பார்த்துப் பயப்பட நேரமில்லை. வாடகைக்கு வந்திருப்பதாக நினைத்து வீட்டுக்காரர் அவளுக்குச் சட்டம் பேசுகிறார். தண்ணீர் லாரி வந்ததும் அடுத்த வீட்டுப் பெண் அவள் கையில் குடத்தைத் திணித்து வரிசையில் நிற்கவைக்கிறாள். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறாள், எவனும் இடம் கொடுப்பதில்லை.

படத்தை வெட்டி ஒட்ட எங்களிடம் இருந்தது கல்யாண வீடியோவுக்கான மிக்ஸிங் மெஷின். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாற அதற்குத் தெரிந்தது இதயம், தாமரை, ரோஜா இதழ் மட்டும்தான். ஆகவே எங்கள் பேய் ஒவ்வொரு முறையும் ஒரு சிவப்பு இதயத்தைப் பிளந்துகொண்டுதான் வரும். பின்னணி இசைக்கு வேறு வழியில்லாமல் நாதஸ்வரக் கேசட்டைப் போட்டோம். பேய் கதவைத் திறக்கும், கெட்டிமேளம் கொட்டும். இதை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது கேமராமேன் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கு முன்பும் பின்பும் நான் செய்த எந்த வேலையையும் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசிக் காட்சியில் பேயோட்டும் பூசாரி வரவேண்டும். கோவளத்தில் கட்டி முடிக்காத ஒரு வீட்டில் படம் பிடித்தோம். பூசாரியாக நடிக்கச் சொல்லியிருந்த ஆள் வரவில்லை. வாசலில் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "இன்னாடா பேய் இது, ஆட்டுக்குட்டி மாரி நிக்குது" என்று ஆரம்பித்து விடாமல் கலாய்த்தாள். கேமராமேன் அவள் கையில் வேப்பிலையைக் கொடுத்து, "நீயே ஓட்டுக்கா" என்றான். ஓட்டினாள். யாரும் எழுதிக் கொடுக்காத வசனம். அதைப் பிறகு சொல்கிறேன்.

படம் முடிந்ததும் ஒரு கவலை வந்தது. எங்கள் ஸ்டூடியோவில் சும்மா கிடக்கிற கேசட் எதுவும் ஒரு வாரம் தங்காது. மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிந்துவிடுவார்கள். பதியாமல் இருக்க ஓரத்துப் பிளாஸ்டிக் பல்லை உடைத்தாலும், அந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுப் பதிவார்கள். ஆனால் ஒரு வீட்டு விசேஷத்தின் மேல் எந்த ஸ்டூடியோக்காரனும் கை வைக்க மாட்டான். அது பாவம் என்றே நினைப்பார்கள். அதனால் எங்கள் கேசட்டின் மேல் 'காதுகுத்து' என்று என் கையால் எழுதி அலமாரியில் வைத்தேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அதே வாரம் இன்னொரு கேமரா குழு எடுத்த உண்மையான காதுகுத்து ஒன்று அதே அலமாரிக்கு வந்தது.

கோவளத்துக் கோயில் திருவிழாவில் படம் போடுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தோம். கேமராமேன் அதற்குள் துபாய்க்குப் போய்விட்டான். நான் மட்டும் கேசட்டை எடுத்துக்கொண்டு போனேன். மணலில் டிவி, கேசட் போடும் டெக் எல்லாம் தயாராக இருந்தது. அக்கா தலையில் பூ வைத்து, தன் ஆட்கள் எல்லாரையும் கூட்டி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போட்டேன். குன்றத்தூர் மலைப்படி தெரிந்தது. மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. ஊரே சிரித்தது. "இன்னாடி, இதுல எந்தக் கொழந்த நீ?" என்று எவளோ கேட்டாள்.

அடுத்த நாள் தாம்பரத்துக்குப் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் மாற்றி வாங்கியிருக்கலாம். போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கேசட்டை உருவிக்கொண்டு, வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். அது மகாபலிபுரம் போனது. பிறகு பாண்டிச்சேரி, கடலூர், திருப்பூர், ஒசூர். திரும்பி வந்தபோது ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. யார் வீட்டுக் குழந்தை என்று கேட்க ஆளில்லை.

தூக்கிப்போட மனம் வரவில்லை. மாற்றி எடுத்து வந்தது நான், காப்பாற்றுவதும் என் வேலை என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆடியிலும் கேசட்டின் அடியில் இருக்கும் சிறு ஓட்டையில் ஒரு குச்சியை விட்டு அழுத்தி, சக்கரத்தை விரலால் சுற்றி, ஒரு முறை முன்னே, ஒரு முறை பின்னே ஓட்டுவேன். இல்லையென்றால் ரீல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடலூரில் வெள்ளம் வந்தபோது சட்டைகள் போயின. கேசட் போகவில்லை.

அன்று பல்லாவரம் வந்து, ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்து, தாம்பரத்தில் சுரங்கப்பாதை வழியாகக் கிழக்கே இறங்கினேன். கோவளம் பக்கம் ஐஸ் உடைக்கிற வேலை ஏதாவது கிடைக்கும் என்று ஒரு யோசனை. பஸ் ஏறலாம், ஆனால் நடக்க ஆரம்பித்தால் எனக்கு நிற்க வராது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டிச் செம்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு வரும்போது மணி பத்து இருக்கும்.

"டேய் பேயி!"

பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை.

"உன்னத்தான்டா, வெள்ளப் பொடவ! இன்னா, இன்னும் சாவலியா நீ?"

மரத்தடியில் அலுமினிய அன்னக்கூடையில் மீனை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. என் கால் தானாக ஓடப் பார்த்தது, உண்மையைச் சொல்கிறேன். அவள் எழுந்து வந்து மீன் கையோடு என் சட்டையைப் பிடித்தாள்.

"ஓடின, காலு ரெண்டயும் ஆஞ்சிருவேன். எத்தினி வருசம்டா ஆச்சி? முடியெல்லாம் கொட்டிப்போயி இப்பதான்டா நெஜப் பேய் மாரி கீற."

"மன்னிச்சிக்கக்கா" என்றேன்.

"உன் மன்னிப்ப உப்புல போடு. நீ போட்ட படத்தால நா பட்ட பேஜாரு தெரியுமாடா உனக்கு? மீன் ஏலத்துல போயி நின்னா, 'இன்னா காதுகுத்து, இன்னிக்கி ஷூட்டிங் இல்லியா?'ன்றாளுங்க. என் மருமவளுங்க ரெண்டு பேரு, அப்ப பொறக்கக்கூட இல்ல, அவளுங்களும் அதே பேச்சி. நா நடிச்சேன்னு சொன்னா வாயப் பொத்திகினு சிரிக்கிறாளுங்க. பொய்க்காரின்னு பேரு வாங்கிக் குடுத்துட்டியேடா."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"படம் கெடச்சிடிச்சி."

"எந்தப் படம்?"

"நம்ம படம்டா. ஏரிப் பக்கம் ஒரு டீச்சரம்மா வூடு. போன வாரம்தான் மொத தபா அந்தத் தெருவுக்குப் போனேன். மீனத் தூக்கி, செவுளத் தெறந்து காமிச்சி, வயக்கமா நா சொல்றதச் சொன்னேன். அந்தம்மா என் மூஞ்சயே பாத்துகினு நிக்குது. 'நீங்க பூசாரிதானே?'ன்னு கேக்குது. எனக்கு மயிர் சிலுத்துப் போச்சிடா."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அலமாரியில் இருந்து போன கேசட் எந்த வீட்டுக்குப் போயிருக்கும் என்று எத்தனை ஊரில் படுத்துக்கொண்டு யோசித்திருப்பேன். அது தாம்பரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

"பாத்தியாக்கா படத்த?"

"எங்க பாக்குறது? அத்தப் போடற மிசினு அவங்க வூட்ல செத்துப் போச்சாம். கேசட்டும் பரண்ல ஊறிக் கெடந்துச்சாம். எய்ந்திரு. நீ வந்து இன்னான்னு பாரு. பாக்காம வுட மாட்டேன் உன்ன."

டீச்சர் வீடு ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. ரிட்டையர் ஆகி நான்கைந்து வருடம் இருக்கும். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்கா, "இவன்தாம்மா பேயி" என்றாள். அதற்கு மேல் எனக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

"நிஜமாவா? உள்ள வாங்க, வாங்க. என் பையன் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பான் தெரியுமா? லீவு விட்டா அதுதான். ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் கூட்டிட்டு வந்து போடுவான். பேய் ட்ரெயின்ல தொங்குமே, அதை அவன் சோஃபா மேல ஏறி நடிச்சுக் காட்டுவான். எங்களுக்கு எல்லா டயலாக்கும் மனப்பாடம்."

யாருமே பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த படத்தை ஒரு தெருவின் பிள்ளைகள் பல வருடம் கோடை விடுமுறையில் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

"ஆனா ஒரு வருத்தம் இருக்கு" என்றார் டீச்சர். "அது எங்க பையன் காதுகுத்து கேசட்னு வாங்கிட்டு வந்தது. எங்களோடது கிடைக்கவே இல்ல. ஸ்டூடியோல போய்க் கேட்டதுக்கு, லைட் பிடிக்கிறவன் தூக்கிட்டு ஓடிட்டான், திருட்டுப் பையன்னு சொன்னாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அந்த லைட் பிடிச்சவன் நான்தான்மா" என்றேன். பையைத் திறந்து, பிளாஸ்டிக்கைப் பிரித்து, அரிசி முடிச்சை எடுத்துவிட்டு, கேசட்டை அவர் கையில் கொடுத்தேன். "திருடல. மாத்தி எடுத்துட்டேன். திருப்பிக் கொடுக்க வீடு தெரியல."

அவர் லேபிளைப் பார்த்தார். பிறகு அரிசி முடிச்சைப் பார்த்தார். உள்ளே போய் எங்கள் கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

என் கையெழுத்துதான். மை பாதி அழிந்திருந்தது. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரீல் முழுக்க உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பூஞ்சை.

மேற்குத் தாம்பரத்தில் பழைய கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற ஒரு கடை இருப்பதாக டீச்சருக்குத் தெரியும். மூவரும் மீன் கூடையோடு ஒரு ஆட்டோவில் போனோம். மாடியில் சின்ன அறை, இரண்டு டெக், ஒரு கம்ப்யூட்டர். கடைக்காரருக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். காதுகுத்து கேசட்டை வாங்கிக்கொண்டார். எங்கள் கேசட்டை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார்.

"ஃபங்கஸ் மேடம். இதைப் போட்டா என் டெக்ல டேப்பைப் படிக்கற ஹெட் போயிடும். இதுக்கு ஸ்பேர் எங்கயும் கிடைக்காது. சாரி."

"தம்பி, என் மீன வுடவா அது நாறுது?" என்றாள் அக்கா.

"அக்கா, நாத்தம் இல்லக்கா பிரச்சனை."

"டெக்ல போட வேணாம் சார்" என்றேன் நான். "ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பிரஷ், ரெண்டு வெள்ளைத் துணி கொடுங்க. ஜன்னலோரம் அந்த மேஜை. சுத்தமாயிடுச்சுன்னு உங்களுக்குத் தோணினா போடுங்க. இல்லேன்னா எடுத்துட்டுப் போறோம்."

அவர் என் சட்டையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மேஜையைக் காலி செய்தார்.

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டேன். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் இருமல் நிற்காது. ஐந்து திருகாணி. மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அதைத் தெறிக்கவிடாமல் எடுக்க வேண்டும். எடுத்தேன். கை மறக்கவில்லை. முதலில் ரீலின் மேல்புறமும் கீழ்ப்புறமும் பிரஷால் பூஞ்சையைத் தட்டினேன். பிறகு துணியை இரண்டாக மடித்து அதற்கு நடுவில் ரீலை விட்டு, மறு சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினேன். வேகமாகச் சுற்றினால் அறுந்துவிடும். துணியை மாற்றி மாற்றி மடிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஸ்டூடியோ கூரை ஒழுகியபோதெல்லாம் செய்த வேலைதான் இது.

எனக்குப் பின்னால் காதுகுத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்டது. டீச்சர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"என் மாமியார் பாருங்க, சிரிக்கறாங்க. அன்னைக்கு முழுக்க என்கூடக் கோவம், ஒரு வார்த்தை பேசலன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டு இருந்தேன். என் தலையில பூ வெச்சு விடறாங்க பாருங்க."

"எங்க வெச்சிருந்தீங்க இதை?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். "ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல. இவ்வளவு பழைய டேப் இப்படி இருந்து நான் பார்த்ததே இல்ல."

"அரிசியில" என்றேன். வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் காது அந்தப் பேச்சை நன்றாகக் கேட்டுக்கொண்டது.

பாதி ரீலுக்கு மேல் போனதும் விரல் நின்றது. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்துக்கு, ரீல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மெல்லப் பிரித்தேன். பிரிந்தது, ஆனால் மேலிருந்த கரும்பழுப்புப் பூச்சு செதில் செதிலாகக் கழன்று வந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அதுவரைக்கும் இருக்கறதை ஏத்திடலாம்" என்றார். முன்பாதியைப் போட்டார். திரையில் ஒரு சிவப்பு இதயம் பிளந்தது, கெட்டிமேளம் கொட்டியது, நான் வந்தேன். அக்கா இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் சட்டம் பேசினார். ரயில் போனது. தண்ணீர் லாரி வந்தது, குடம் கைக்கு வந்தது. அங்கே கடைக்காரர் நிறுத்தினார்.

அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். படம் முழுக்கச் சவுரிமுடி என் முகத்தை மூடியிருக்கும். தண்ணீர் வரிசையில் நிற்கும்போது மட்டும் ஆடிக் காற்று ஒன்று அடித்தது. முடி பறந்தது. நான் கேமராவைப் பார்த்து அசடு வழியச் சிரித்தேன். அதை வெட்ட வேண்டாம் என்று கேமராமேன்தான் சொன்னான். அந்தப் படத்தில் என் முகம் தெரிவது அந்த ஒரு இடத்தில்தான். வேறு எந்தப் படத்திலும் இல்லை. என்னிடம் சின்ன வயசு போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

"ரெண்டு வழி இருக்குண்ணா" என்றார் கடைக்காரர். "அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். ஏதாவது கொஞ்சம் தெரிஞ்சாலும் தெரியும். ஆனா அந்தத் தூள் ஹெட்டை அடைச்சிதுன்னா, அதுக்கப்புறம் இருக்கறதைப் போட என்கிட்ட வேற டெக் இல்ல. அங்க இருக்கற இன்னொண்ணு வேற மாடல், பாதி செத்தது. இல்லேன்னா அந்தத் துண்டை வெட்டிடணும்."

அதற்கப்புறம் இருந்தது அக்காவின் காட்சி. அதை ஏற்றிய பிறகு இந்தத் துண்டைத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் ஹெட் அடைத்தால் போவது அவர் பிழைப்பு.

நான் கத்தரிக்கோலை எடுத்து அந்த நீளத்தை வெட்டினேன். இரண்டு முனையையும் சேர்த்து, அவர் கொடுத்த ஒட்டும் டேப்பால் பின்பக்கம் ஒட்டி, நகத்தால் தேய்த்தேன். வெட்டிய துண்டைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

"இன்னாத்தடா வெட்டின?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. தண்ணி லாரி."

டீச்சருக்குப் படம் மனப்பாடம். "அங்க காத்துல முடி பறக்குமே" என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். பிறகு சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "அதுலதான் இவர் முகம் வரும்மா" என்றார் அக்காவிடம்.

அக்கா என் முதுகில் ஒரு அறை வைத்தாள். வலித்தது. பிறகு திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மீதி ரீலைத் துடைக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. மூடிப் பூட்டிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டார். ஒட்டிய இடத்தில் படம் ஒரு குதி குதித்தது, கொஞ்சம் பனி பெய்தது, நேரானது.

கட்டி முடிக்காத வீடு. நான் மூலையில் நின்று உறுமுகிறேன். தாமரை விரிகிறது, அதற்குள்ளிருந்து அக்கா வருகிறாள், நாற்பது வயது அக்கா, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு. வேப்பிலையால் என்னை அடிக்கவில்லை. கிட்டே வந்து என் காதைப் பிடித்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்க்கிறாள். முகர்ந்து பார்க்கிறாள். வாசல் பக்கம் திரும்பிச் சொல்கிறாள்: "செவுளு வெளுத்துப் போச்சி பாரு. இது இன்னிக்கிச் செத்ததில்ல, ஐஸ்ல வெச்சது. எவன்டா இத்தப் புதுப் பேயின்னு ஏமாத்தினு கீறான்?" பேய் அவமானம் தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு வீட்டை விட்டு வெளியே போகிறது. கெட்டிமேளம்.

கடைக்காரர் கைதட்டிச் சிரித்தார். டீச்சர் வசனத்தைக் கூடவே சொன்னார், ஒரு எழுத்து பிசகாமல். அக்கா சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேப்பிலயத் தப்பாப் புடிச்சிகினு கீறேன்" என்றாள் கடைசியில். "இன்னோரு தபா போடு."

மூன்று தபா போட்டார். பிறகு அந்தத் துண்டை அவள் போனில் ஏற்றி, அவள் சொன்னபடி மீன் விற்கும் பெண்களின் வாட்ஸப் குழுவில் அனுப்பிவைத்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. மூத்த மருமகளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அத்தே! மெய்யாலுமே நீதானா அது? ஐயோ, செத்தேன் நானு. சிரிச்சிச் சிரிச்சி வயிறு வலிக்கிது. ஏலத்துல எல்லாம் உன் படத்தத்தான் பாத்துகினு கீறாங்க. அந்தப் பேயி யாரு அத்தே? மூஞ்சே தெரில?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நம்ம பய. மூஞ்சி தெரியாது. ஆனா அவன்தான். நா சொல்றேன், நம்பு. இப்ப நா சொன்னா நம்புவ இல்ல?"

"நம்புறேன் அத்தே."

"ஆங். சோறு வடிச்சி வையி, வரேன்."

மீன் பாதி அப்படியே கூடையில் இருந்தது. அதில் இரண்டு வஞ்சிரத்தை டீச்சரின் பையில் போட்டாள். எனக்கு ஒன்றும் தரவில்லை. "கோவளம் வந்தின்னா சோறு கீது" என்று மட்டும் சொன்னாள். படியிறங்கும்போதே போனில் சத்தமாகப் படத்தை ஓட்டிக்கொண்டு போனாள். கெட்டிமேளம் தெருமுனை வரை கேட்டது. டீச்சர் இரண்டு கேசட்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பேய்ப்படத்தை என்னிடம் நீட்டினார். "உங்க வீட்லயே இருக்கட்டும்மா, எனக்கு வீடு இல்ல" என்றேன். சரி என்று இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நானும் பையை எடுத்தேன். ஐஸ் வேலைக்குக் கோவளம் போகலாம் என்ற எண்ணம் இன்னும் இருந்தது. கடைக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். உள்ளறைக் கதவைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கேசட்கள். எல்லாம் பூஞ்சை பிடித்தவை. முடியாது என்று சொல்லியும் திருப்பி எடுத்துப் போகாமல் ஆட்கள் விட்டுவிட்டுப் போனவை. "எனக்குத் தூக்கிப்போடவும் மனசு வரலண்ணா" என்றார். "காலையில வர்றீங்களா?"

அன்றிரவு தாம்பரம் ஸ்டேஷனில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

காலை எட்டரை மணிக்குக் கடை திறக்கும்போது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரம் மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்காலி வேண்டாம், முக்காலி போதும் என்றேன். வெள்ளைத் துணியைக் கிழித்து மடித்து வைத்தேன். மேலே இருந்த முதல் கேசட் யாருடைய சீமந்தமோ. கடைக்காரர் கிட்டே வந்து நின்று, "ஒண்ணுக்கு எவ்வளவு நேரம்ணா ஆகும்?" என்றார்.

"முடிஞ்சதும் கூப்பிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு முதல் திருகாணியைக் கழற்றினேன்.